கடலுக்குக் காய்ச்சல் பார்க்கப் போனேன்

தூத்துக்குடியில் என் வீட்டிலிருந்து கடல் இரண்டு பஸ் நிறுத்தம். அப்படியிருக்க, கடலில் முக்கி எடுக்க வேண்டிய கருவிகளைத் தூக்கிக்கொண்டு நான் மும்பைக்குக் கிளம்பியபோது, பாலிடெக்னிக் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நம்ம ஊர்க் கடலுக்கு என்ன குறைச்சல்? குறை கடலில் இல்லை, சாட்சியில். என் கருவி உண்மை சொல்கிறது என்று நிரூபிக்க, அதன் பக்கத்தில் விலையுயர்ந்த கருவி ஒன்றை இறக்கி ஒப்பிட வேண்டும். அதற்கு இடம் கொடுத்தது செம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு கடல் ஆய்வு நிலையம் மட்டுமே. அவர்களுடைய கருவியும் சனிக்கிழமை மாலை வேறு ஊருக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

என் கருவி என்பது ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாய். மேலே மூடி, உள்ளே பேட்டரி, கீழ்முனையில் வெப்பநிலை பார்க்க ஒரு கம்பி, தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்க ஒரு கண்ணாடிக் குமிழ். மாணவர்கள் இதற்கு உலக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் ஐந்து உலக்கைகள் இருந்தன.

இவை வேம்பார்ப் பக்கம் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பெண்களுக்காகச் செய்தவை. போன வருஷம் தண்ணீர் சூடேறியது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. பாசி வெளுத்து, கிளை கிளையாக உதிர்ந்த பிறகுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் அறுத்துக் கரையேற்றியிருக்கலாம். ஆய்வு நிலையம் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் குழுவுக்குக் கருவிகள் கிடைக்கும். இல்லையென்றால் இந்த வருஷமும் தண்ணீரில் காலை விட்டுப் பார்த்துத்தான் சூடு கண்டுபிடிக்க வேண்டும். மிதவைகளைக் கட்டி வைத்துவிட்டு, பாசி விதைக்காமல் காத்திருந்தார்கள். குழுத்தலைவி செல்வராணி நான் ரயிலேறியதிலிருந்து தினமும் போன் செய்தாள்.

“எக்கா, மெஷின் பாஸாயிட்டா?”

“இப்பதான் புனே தாண்டுது செல்வராணி.”

“சரி, பாஸானதும் சொல்லுங்க.”

மாட்டுங்காவில், படிக்க மட்டும் நம் பக்கம் வந்திருந்த என் கல்லூரித் தோழி கோமதியின் வீட்டில் தங்கினேன். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறது. மூன்று தலைமுறையும் ஆபீசுக்குப் போய் ஆபீசிலிருந்து வந்திருக்கிறார்கள். காலையில் தெருமுனை மெஸ்ஸில் இட்லி வாங்கித் தந்தாள். இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரில் வெல்லம் இருந்தது. யாரோ தவறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் இருந்தது.

அளவு பார்ப்பதற்கு முன் கண்ணாடிக் குமிழ்களைக் கடல்தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு கேன் கடல்தண்ணீர் அனுப்பியிருந்தார்கள். அதை வாளியில் ஊற்றி பால்கனியில் வைத்தேன். கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னடி வசந்தி இது, மீன் மார்க்கெட் மாதிரி வாசனை வரது? பில்டிங் சொசைட்டிலே யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தா நான் என்ன சொல்றது?”

“ஊறுகாய் போடறோம்னு சொல்லு.”

“யாருக்கு? செக்ரட்டரிக்கு மூக்கு இருக்கு.”

கடைசியில் வாளிக்கு மேல் ஒரு வாழையிலையை மூடி, அதன்மேல் இட்லித் தட்டை வைத்தாள். அதன் பிறகு வாசனை குறைந்த மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை தாராவிக்குப் போனேன். என் உலக்கைகளுக்கு ஊரிலேயே போட்டிருந்த மூடிகள் எல்லாம் ஒழுகின. தாராவியில் சுடலைமணி என்பவர் தண்ணீர் ஃபில்டருக்கு மூடி அச்சடிக்கிறார், ஒரு சொட்டு கசியாது என்று கேள்விப்பட்டு, முன்பே அளவு அனுப்பியிருந்தேன். அவருடைய பட்டறை ஒரு ஆள் அகலச் சந்துக்குள் ஒன்றரை ஆள் அகலத்தில் இருந்தது. உருகிய பிளாஸ்டிக் நாற்றம் கண்ணைக் கரித்தது. சுடலைமணிக்கு நாங்குநேரிப் பக்கம். இருபது வயதில் வந்தவர், இப்போது மீசை நரைத்துவிட்டது. பேச்சு மட்டும் நேற்று பஸ் ஏறி வந்த மாதிரி இருந்தது. இடையிடையே விழும் இந்திதான் அவர் இங்கே இருப்பதை ஞாபகப்படுத்தியது.

“வாங்க எக்கா, பைட்டோ, உக்காருங்க. டீ சொல்லுதேன். இத கடல்ல போட்டு என்னத்த அளக்கப் போறிய?”

சொன்னேன். கடல்தண்ணீரில் புளிப்பு ஏறுகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்க்க. அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ்முனைக் குமிழைத் தொடப் போனபோது நான் பதறிவிட்டேன்.

“அண்ணாச்சி, அதுல கை வைக்காதீங்க. வேலை செய்யறதே அந்த இடம்தான். அதுதான் இதுக்கு உயிர்.”

“அப்படியா,” என்று மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன்.

மூடிகளைப் போட்டு, குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. சுடலைமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷமாக மும்பையில் இருந்தும் தன் மூடி ஒன்றுகூடக் கடலைப் பார்த்ததில்லை, தானும் படகில் ஏறியதில்லை என்றார். “நாளைக்கு நானும் வாரேன் எக்கா. ரப்பர் வளையம் ஏதும் லூஸா இருந்தா அங்கனயே டைட் பண்ணிரலாம்.” நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை குர்லாவில் ரயில் மாற வேண்டியிருந்தது. பேட்டரியும் வயரும் வைத்த ஐந்து பிளாஸ்டிக் குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் பிளாட்பாரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பது தூத்துக்குடியில் என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு பெண் போலீஸ் என் முன்னால் வந்து நின்றார். பை முழுதும் பெஞ்சில் பரப்பப்பட்டது. என் இந்தி கடையில் விலை கேட்கும் அளவுக்கானது.

“இது என்ன?” என்றார் அவர்.

“கடலுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “கடலுக்கு என்ன காய்ச்சல்?”

“அதைத்தான் பார்க்கப் போகிறேன்.”

இந்தப் பதிலில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி ஆய்வு நிலையத்துக்குப் போன் செய்தார். ஆய்வு நிலையத்தில் டீ நேரம். எல்லாம் முடிந்து என்னை விட்டபோது, அந்தப் பெண் போலீஸ் ஒரு குழாயைத் தானே பையில் வைத்துத் தந்து, “காய்ச்சல் இருந்தால் என்ன மருந்து கொடுப்பீர்கள்?” என்று கேட்டார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்கு ஓடினேன்.

டிராம்பேயில் கோலிவாடா என்னும் மீனவர் குப்பத்தின் படகுத்துறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கடல் இல்லை. சேறு இருந்தது, படகுகள் அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தன, தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. எங்கள் ஊர்க் கடல் வாசலைத் தாண்டி அதிகம் போகாது. இங்கே கடல் காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிறது. “தண்ணீர் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வரும்,” என்றார் படகுக்காரர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆய்வு நிலையத்தின் டாக்டர் ஷைலஜா என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தங்கள் கருவியோடு வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் அதிகம் பேசாத மராட்டிப் பெண்மணி. சுடலைமணி எனக்கு முன்பே வந்து, வெள்ளை வேட்டி சட்டையில் கையில் ஒரு மஞ்சள்பையோடு நின்றிருந்தார். உலக்கைகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு நான் வடாபாவ் சாப்பிடப் போனேன். உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்து, அதில் மிளகாய்ப் பொடியையும் தூவி, கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாயும் தருகிறார்கள். மாவுக்குள் மாவு என்று முதலில் ஏளனமாக இருந்தது. இரண்டாவது வாங்கினேன். பிறகு கயிறுகளில் பொம்பில் மீன் காயப் போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு, நம் நெத்திலிக் கருவாட்டோடு மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டு, நெடுநேரம் நடந்தேன்.

கடல் வந்தது. மிதவை ஒன்றிலிருந்து அவர்கள் கருவியையும் அதைச் சுற்றி என் ஐந்தையும் தொங்கவிட்டோம். நான் மூடிகளை மட்டும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். இறங்கும்போது சுடலைமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை வெளியே எடுத்தோம். ஒரு மூடியும் ஒழுகவில்லை. டாக்டர் தன் கணினியில் எல்லாவற்றையும் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். வெப்பநிலையில் என் ஐந்து கோடும் அவர்களுடைய கோட்டின் மேலேயே ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்ததாக அமிலத்தன்மை. அவர்களுடையது, கடல்தண்ணீருக்கு இருக்க வேண்டியபடி, எட்டை ஒட்டி அமைதியாகப் போனது. என்னுடையவற்றில் ஒன்று அந்தக் கடலை எலுமிச்சைச்சாறு என்றது. ஒன்று சோப்புத்தண்ணீர் என்றது. மற்ற மூன்றும் மணிக்கொரு தரம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டன.

“விலை குறைவான கருவிகளில் இது சகஜம்,” என்றார் டாக்டர். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் ஆறுதல் சொன்னார்.

செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே வந்தேன். ஒரு அம்மாள் தன் காய்கறிப் பையை என் உலக்கைகளின் மேல் வைத்தாள். எடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. இனி அவை எதற்கு. செல்வராணியின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. அந்தப் பெண்கள் போன வருஷம் வெளுத்த பாசியைக் கைநிறைய அள்ளிக் காட்டியது கண்முன்னால் வந்தது.

பால்கனியில் உட்கார்ந்து, சேற்றையாவது துடைத்து வைப்போம் என்று ஒரு குமிழைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. கையை வெட்டிக்கொண்டேனோ என்று பார்த்தேன், இல்லை. அடுத்ததைத் துடைத்தேன், அதுவும் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சேற்று நாற்றத்துக்கு அடியில் மெலிதாகச் சந்தன வாசனை வந்தது. கோமதியைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னேன்.

“ஏண்டி,” என்றாள் அவள், “சந்தனமும் குங்குமமும்னா இது! உன் மெஷினுக்கு யாருடி கல்யாணம் பண்ணி வெச்சா?”

சுடலைமணிக்குப் போன் போட்டேன்.

“ஆமா எக்கா, நாந்தான் வச்சேன்,” என்றார் சந்தோஷமாக. “நீங்க வடாபாவ் திங்கப் போனிய பாத்தியளா, அப்ப வச்சேன். புது மெஷின் பொட்டு இல்லாம வேலைக்கு எறங்கலாமா?”

“அஞ்சுக்கும் வச்சீங்களா?”

“ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?”

“குமிழ்ல ஏன் அண்ணாச்சி வச்சீங்க?”

“நீங்கதான எக்கா சொன்னிய, அதுதான் வேல செய்யுத எடம்னு. வேல செய்யுத எடத்துலதான பொட்டு வைக்கணும். நம்ம மெஷினுக்கு அச்சுலதான் வைப்போம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதே நேரம் ஒரு நம்பிக்கையும் எட்டிப் பார்த்தது. இரண்டு நாள் கடலில் கிடந்த குங்குமம் இந்நேரம் கரைந்திருக்க வேண்டுமே, எப்படி இன்னும் ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

“அதெப்படிக் கரையும்?” என்றார் பெருமையோடு. “கடல்ல கரஞ்சிரக் கூடாதுன்னுதான எண்ணெயில கொழச்சி வச்சேன்.”

கண்ணாடியின் மேல் எண்ணெய்ப் பூச்சு. அதற்குள் தண்ணீர் எப்படிப் போகும், கருவி எதைப் பார்த்துச் சொல்லும்? நான் விளக்கினேன். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை அவர் நிறுத்தினார்.

“அப்ப நாந்தான் கெடுத்துப்புட்டேனா எக்கா?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். “கழுவினா சரியாயிடும்,” என்றேன். அது எனக்கே உறுதியில்லை.

கோமதியின் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத்தண்ணீரில் குமிழ்களைக் கழுவினோம். அவள் நிதானமாக, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைத்தாள். நான் அவசரத்தில் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஒரு குமிழை உடைத்தேன். ஆக, சுடலைமணி ஒன்றையும் உடைக்கவில்லை, கருவியியல் ஆசிரியை ஒன்றை உடைத்தாள். மிச்சம் நான்கையும் வாளியில் ஊறப் போட்டு, வாழையிலையால் மூடினோம். இந்தத் தடவை கோமதி மூக்கைப் பொத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் போனேன். ஒரு விஞ்ஞானியிடம் போய், என் அளவீடு கெட்டதற்குக் காரணம் குங்குமம் என்று எந்த முகத்தோடு சொல்வது? கடல்பாசி, எண்ணெய்ப் படலம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு செல்வராணி நினைவு வந்தது. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அச்சில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பதையும் விடவில்லை.

டாக்டர் ஷைலஜா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார். எழுந்து, உள்ளே வாருங்கள் என்றார். அவர்களுடைய விலையுயர்ந்த கருவி மேசைமேல் இருந்தது. அதன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பழைய குங்குமத்தால் ஒரு ஸ்வஸ்திகம். கைப்பிடியில் காய்ந்து சருகாகிப்போன சாமந்தி.

“தசராவுக்குத் தசரா வைக்கிறோம்,” என்றார். “பெட்டிக்கு.”

பிறகு படகுக்காரருக்குப் போன் செய்து, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

துறைக்கு நாங்கள் போனபோது சுடலைமணி அங்கே நின்றிருந்தார். நான் போனில் நேரம் சொல்லியிருந்தேன், வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மஞ்சள்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார், ஆனால் திறக்கவில்லை. என் பக்கத்திலேயே வரவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அண்ணாச்சி, சந்தனம் இருக்கா?” என்றேன்.

“வேண்டாம் எக்கா. ஒரு மட்டம் பட்டது போதும்.”

“மூடியில வைங்க.”

அவர் யோசித்தார். “மூடி என்ன வேல செய்யுது?”

“தண்ணிய உள்ள விடாம பாக்குதுல்லா. அது ஒழுகியிருந்தா மிச்சம் எல்லாம் அன்னைக்கே போயிருக்கும். உங்க மூடிதான் ஒழுகல.”

சுடலைமணி பையைத் திறந்து, நான்கு மூடிக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். டாக்டர் எட்ட நின்று, குமிழ்ப் பக்கம் விரல் போகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கருவிகளை வெளியே எடுத்தோம், துறையிலேயே சுடலைமணியும் எட்டிப் பார்க்க, டாக்டரின் திரையில் கோடுகள் வந்தன. என் நான்கும் எட்டை ஒட்டி, அவர்களுடைய கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக, ஆனால் அது ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கிப் போயின. டாக்டர் ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தார்.

“உலகத்தின் கடலையெல்லாம் அளக்க இது போதாது,” என்றார். “உங்கள் பெண்களின் பாசிக்குப் போதும்.”

வேன் அவர்களுடைய கருவியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான் சேற்றங்கரையில் ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து செல்வராணிக்குப் போன் செய்தேன்.

“பாஸ்,” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் யாரையோ கூவி அழைத்தாள், நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருத்தி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எக்கா,” என்றாள் செல்வராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “மெஷின் வந்ததும் சும்மா கடல்ல எறக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாளுவ. பாதிப் பேரு அம்மன் கோயில்ல வச்சி பொட்டு வைக்கணும்ங்காளுவ. பாதிப் பேரு ஃபாதரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிக்கணும்ங்காளுவ. ஒண்ணும் ஆகாதுல்ல?”

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே சுடலைமணியைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ரயிலுக்குப் போகும் வழியில் தாராவியில் இறங்கி, வேம்பாருக்குப் போகும் மூடிகளுக்கு அச்சில் ஒரு திருத்தம் சொன்னேன். உச்சியில் நடுவாக, மோதிரவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் குழி. சுடலைமணி அளவு எடுப்பதற்கு ஸ்கேலைத் தேடவில்லை. தன் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.